சத்தமில்லாமல் முறியும் மரம்

துரைமரம் என்றால் அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அது என்ன மரம் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

மலையில் காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவன், ஏதோ ஒரு தீவிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து பங்களா வாசலில் நட்டதாகச் சொல்வார்கள். ஆடு அதில் வாய் வைக்காது. கரையான் ஏறாது. தோட்டம் பாழாகி, பங்களாவும் இடிந்து விழுந்தபின் மரம் மட்டும் நின்றது. ஐப்பசிப் புயலில் அதுவும் சாய்ந்தது.

ஊரார் அதை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து அரசியம்மா வீட்டு வாசலில் போட்டார்கள்.

அரசியம்மாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. ஒல்லியான உடம்பு. முழுப்பெயர் மங்கையற்கரசி. வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டுக் கூடத்தில் ஊர்க்காரர்கள் வந்து உட்காருவார்கள். மனதில் இருப்பதைக் கேட்பார்கள். அவர் இரண்டு வார்த்தை சொல்வார், அல்லது சும்மா இருப்பார். அந்தக் கூடத்தின் கூரையையும் அதே புயல்தான் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. புதுக் கூரைக்குச் சுவருக்குச் சுவர் எட்டுகிற நீளத்தில் ஒரு சட்டம் வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு அந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு மரமில்லை.

நல்லதம்பி ஆசாரி அறுத்துப் பார்த்தார். ரம்பத்தின் பல் மழுங்கியது. உள்ளே பச்சையும் கறுப்பும் கலந்த நிறம். தொட்டால் மெழுகு தடவியதுபோல வழுக்கியது. ஒரு துண்டைத் தூக்கி வாளித் தண்ணீரில் போட்டார். அது மிதக்கவில்லை. கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது.

"இந்த ஜாதி மரத்துல நான் கை வெச்சதே இல்லம்மா. சட்டம் இழைச்சுத் தரேன். ஆனா தலைக்கு மேல ஏத்தலாமான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார்.

அரசியம்மா சிகாமணியைத் திரும்பிப் பார்த்தார்.

சிகாமணி அவருடைய சீடர். வயதில் அவரைவிடப் பத்து வருடம் மூத்தவர். பட்டணத்தில், கட்டடச் சாமான்களைச் சோதித்துச் சொல்லும் ஆய்வுக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். செங்கல்லையும் கம்பியையும் இயந்திரத்தில் வைத்து உடைத்து, எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்று எழுதுவதுதான் அவர் பார்த்த வேலை. மனைவி இறந்தபின் இந்த ஊருக்கு வந்து, எதிர் வீட்டில் வாடகைக்கு இருந்தார். வெளியே கிளம்பினால் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவார். ஆமாம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'பார்க்கலாம்' என்பார்.

"நீங்க பாருங்களேன்" என்றார் அரசியம்மா.

அன்றிலிருந்து சிகாமணியின் சமையலறையில் சமையல் நின்றுபோனது.

ஆசாரி விரல் கனத்தில் அறுத்துக் கொடுத்த குச்சிகளை மளிகைக்கடையிலிருந்து இரவல் வாங்கிய தராசில் நிறுத்தார். அதே குச்சியை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி நிறுத்தார். குச்சி அடைத்துக்கொண்ட இடத்துத் தண்ணீரைவிடக் குச்சி கனமாக இருந்தது. இரும்புச் சட்டியில் மணலைப் பரப்பி, அதன்மேல் குச்சிகளை வைத்து இளஞ்சூட்டில் காயவைத்தார். எடை குறைந்துகொண்டே வந்து, பிறகு குறையாமல் நின்றது. மரத்தில் ஈரம் கொஞ்சம்தான், எண்ணெய்ப் பசைதான் அதிகம் என்று தெரிந்தது.

பிறகு பாரம். இரண்டு முக்காலிகளுக்கு நடுவே குச்சியைப் பாலம் மாதிரி படுக்கவைத்தார். நடுவில் வாளியைக் கட்டித் தொங்கவிட்டார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினார். ஒவ்வொரு சொம்புக்கும் குச்சி எவ்வளவு தொய்கிறது என்று ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கடைசியில், முறியும்வரை ஊற்றினார்.

குச்சிகள் நன்றாகவே தாங்கின. தேக்கைவிட அதிகமாகத் தாங்கின. ஆனாலும் சிகாமணி சட்டம் போடலாம் என்று சொல்லவில்லை.

கார்த்திகை மழைக்கு மேகம் திரண்டது. சட்டத்தை இழைத்து முடித்துவிட்டு ஆசாரி காத்திருந்தார். கூரையில்லாத கூடத்தில் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன சார், மரம் என்ன சொல்லுது?" என்று கேட்டார்கள். கேலியா, அக்கறையா என்று தெரியாத குரல். சிகாமணி குனிந்த தலை நிமிராமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு குச்சியை எடுத்தார்.

ஒரு நாள் அரசியம்மாவே வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"ஊத்துங்க. நானும் பாக்கறேன்."

சிகாமணி ஊற்றினார். குச்சி மெல்ல வளைந்தது. இன்னொரு சொம்பு. இன்னும் ஒன்று. பட்டென்று வாளி தரையில் விழுந்து தண்ணீர் அறை முழுக்க ஓடியது. முறியும் முன்னால் ஒரு முனகல்கூட இல்லை.

"கவனிச்சீங்களாம்மா?" என்றார் சிகாமணி. "மத்த மரமெல்லாம் முறியறதுக்கு முந்தி நார் நாராப் பிரியும். நெறநெறன்னு சத்தம் கொடுக்கும். ஆளு ஓடித் தப்பிக்க நேரம் கிடைக்கும். இது சொல்லாம கொள்ளாமப் போயிருது. சாக்பீஸ் மாதிரி."

அரசியம்மா குனிந்து முறிந்த துண்டுகளைப் பொறுக்கினார். ஜன்னல் மேடையில் ஒரு குச்சி மட்டும் தனியே கிடப்பதைப் பார்த்தார்.

"அது ஏன் அங்க இருக்கு?"

சிகாமணி அதைக் கையில் எடுத்தார்.

"அது மத்ததுல பாதி பாரத்துலயே போயிருச்சு. முடிச்சு இல்ல, கீறல் இல்ல, பூச்சி அரிப்பும் இல்ல. பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துட்டேன். காரணமே புலப்படல."

"அதையும் கணக்குல சேத்தீங்களா?"

"சேத்தா கணக்கு கெட்டுப்போகுதும்மா."

"சேக்கலேன்னா?"

"தூக்கம் கெட்டுப்போகுது."

அரசியம்மா சிரிக்கவில்லை. பொறுக்கிய துண்டுகளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு நாட்கணக்கில் பெய்தது. அது கொஞ்சம் வெறித்த ஒரு காலை நேரத்தில், மேற்குத் தோட்டத்துப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது.

அங்கே ஒரு பழைய பாசனக் கிணறு. அகலமான வாய், சுற்றுச்சுவர் கிடையாது. ஆடு மேய்க்கிற செல்லக்கிளி கரையோரமாகப் போயிருக்கிறாள். ஊறிப்போன கரை, அவளோடு சேர்ந்து உள்ளே சரிந்துவிட்டது. பாதி ஆழத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு படிக்கல்லில் அவள் விழுந்து கிடந்தாள். வலது கை ஒடிந்து தொங்கியது. கல்லுக்குக் கீழே செம்மண் தண்ணீர் சுழன்றது.

சிகாமணி போய்ச் சேர்ந்தபோது பாதி ஊர் அங்கே இருந்தது. யாரோ கரையிலிருந்து கயிறு வீசிப் பார்த்திருக்கிறார்கள். கயிறு உரசிய இடமெல்லாம் மண் பெயர்ந்து அவள் தலைமேல் கொட்டியிருக்கிறது. கரையோரம் போன ஓர் ஆளின் காலடியில் மண் விலக, அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. ஓடையில் வெள்ளம், வண்டி சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"கல்லு ஆடுது" என்று கீழேயிருந்து செல்லக்கிளியின் குரல் வந்தது. "கல்லு ஆடுதுங்க."

கிணற்றின் நடுவிலிருந்துதான் கயிறு இறங்க வேண்டும். அதற்குக் குறுக்கே ஒரு சட்டம் வேண்டும். அவ்வளவு நீளத்தில், நேராக, இழைத்துத் தயாராக இருந்தது ஒன்றே ஒன்றுதான். யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லாரும் சிகாமணியைப் பார்த்தார்கள்.

ஆறு பேர் ஓடிப்போய்ச் சட்டத்தைத் தோளில் சுமந்து வந்தார்கள். ஆசாரி அதன் நடுவில் இரும்புக் கப்பியைக் கட்டிக் கயிற்றைக் கோத்தார். இரண்டு பக்கக் கரையிலும் கழற்றிவந்த கதவுகளைப் பரப்பினார்கள். எதிர்க்கரையிலிருந்து கயிறு போட்டு இழுத்து, கதவுகளின்மேல் சட்டத்தை உட்காரவைத்தார்கள். அது அரைச் சாண் கனம்தான் இருந்தது. கிணற்றின் வாய்க்குமேல் ஒரு கோடு போட்டதுபோலத் தெரிந்தது.

செல்லக்கிளியால் ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாது. யாராவது இறங்கிக் கட்ட வேண்டும். இரண்டு இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

அரசியம்மா கேட்டார்: "ஐயா, இது தாங்குமா?"

சிகாமணி சட்டத்தைப் பார்த்தார். தாங்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். தாங்காது என்று சொன்னால் அதோடு தன் பொறுப்பு விட்டது. இரண்டில் எதைச் சொன்னாலும் அது பொய் என்பது அவருக்குத் தெரிந்தது. பார்க்கலாம் என்று சொல்லவோ நேரமில்லை.

"தெரியலம்மா" என்றார்.

கூட்டத்தில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

சிகாமணி தொடர்ந்து பேசினார். "நல்ல குச்சிங்க கணக்குல பாத்தா ஆறேழு பேரைத் தாங்கணும். ஒரு குச்சி பாதியில போச்சு. அது ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியல. அந்தக் கணக்குல பாத்தா மூணு பேருக்குள்ள. சின்னக் குச்சியில இல்லாத கோளாறு பெரிய சட்டத்துக்குள்ள இருக்கலாம். கப்பி வழியா இழுக்கறவங்க பலமும் சட்டத்து மேலதான் விழும். இன்னொண்ணு, இது முறிஞ்சா சத்தம் வராது. முறிஞ்ச பிறகுதான் தெரியும்."

முன்னால் வந்த இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் பின்வாங்கினான். மற்றவன் நின்ற இடத்திலேயே நின்றான். கட்டுமஸ்தான உடம்பு அவனுக்கு.

"கணக்கு சரி" என்றார் அரசியம்மா. "உங்க பயத்துக்கு எத்தனை பேரைத் தாங்கும்?"

"ஒருத்தரைக்கூடத் தாங்காது."

"கீழ இருக்கிறவகிட்ட ரெண்டுல எதைச் சொல்லட்டும்?"

சிகாமணி சட்டைக் கையை மடித்தார். "நானே இறங்கறேம்மா" என்றார்.

"உங்களைவிட நான் பாதி எடை." அரசியம்மா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். "இங்கே நீந்தி வளந்தவ நான். இறங்கறது சுலபம்ங்க ஐயா. நீங்க மேல நின்னு செய்ய வேண்டியதைச் செய்யுங்க."

என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சிகாமணிக்கே தெரிந்தது. ஆசாரியிடம் நூல் வாங்கினார். சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விறைப்பாக இழுத்துக் கட்டச் செய்தார். மூங்கில் கழியின் நுனியில் ஸ்கேலைக் கட்டி நீட்டி, சட்டத்தின் நடுவில் செங்குத்தாக மாட்டினார். பாதி பாரத்தில் முறிந்த அந்தக் குச்சியின் கணக்கை வைத்து, ஸ்கேலில் சிவப்பாக ஒரு கோடு இழுத்திருந்தார். சட்டம் தொய்யத் தொய்ய ஸ்கேலும் கூடவே இறங்கும். நூல் நின்ற இடத்தில் நிற்கும். நூல் அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டால் அதற்குமேல் பாரம் ஏற்றக்கூடாது.

கதவின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, நூலைப் பார்த்தார்.

"இறக்குங்க."

தொலைவில், கெட்டித் தரையில் நின்றவர்கள் கயிற்றை விட்டுக் கொடுத்தார்கள். அரசியம்மா கிணற்றின் நடுவே தொங்கினார். சட்டம் தொய்ந்தது. நூல் ஸ்கேலில் கொஞ்சம் ஏறி நின்றது. சிகாமணி மூச்சை விட்டார்.

அரசியம்மா கயிற்றோடு ஆடி ஆடிப் படிக்கல்லை எட்டிப் பிடித்தார். செல்லக்கிளியின் முனகல் கேட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அவர் சொல்வது கேட்டது. அவளைத் தன்னோடு சேர்த்து இடுப்பிலும் தொடையிலும் சுற்றிக் கட்டினார்.

"இழுங்க."

கயிறு முறுக்கேறியது. இருவரின் கால்களும் கல்லைவிட்டு எழும்பின. சிகாமணி நூலை மட்டுமே பார்த்தார். நூல் ஏறியது. இன்னும் ஏறியது. சட்டத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

நூல் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"நிறுத்துங்க" என்று கத்தினார்.

இழுத்தவர்கள் அப்படியே நின்றார்கள். கயிறு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கோட்டுக்கு வந்திருச்சும்மா."

கீழேயிருந்து அரசியம்மாவின் குரல் வந்தது. "கோடு நீங்க போட்டதுதானே?"

"நான் போட்டதுதான்."

"கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாமா?"

போட்டிருக்கலாம் என்றுதான் அவர் மனமும் அந்த நொடியில் சொன்னது. பயந்துபோய்க் கிட்டத்தில் போட்டுவிட்டோமோ? நூல் இன்னும் ஒரு விரற்கடை ஏறினாலும் பரவாயில்லை என்று இழுத்தால் இரண்டு பேரும் மேலே வந்துவிடலாம். பக்கத்தில் படுத்திருந்த ஆசாரி, "இழுத்துரலாம் சார்" என்று காதருகே சொன்னார். கயிற்றைப் பிடித்திருந்தவர்களின் கால்கள் சேற்றில் வழுக்கத் தொடங்கியிருந்தன.

"போட்டிருக்கலாம்மா. ஆனா எவ்வளவு தள்ளின்னு எனக்குத் தெரியாது."

கீழேயிருந்து மறுபடி குரல் வந்தது.

"சரி. இறக்குங்க. கல்லு காலுக்கு எட்டுற தூரத்துலதான் இருக்கு."

இறக்கினார்கள். அரசியம்மா கல்லின்மேல் நின்று தன் முடிச்சை அவிழ்த்தார். செல்லக்கிளியை மட்டும் கயிற்றில் விட்டார்.

"இப்ப இழுங்க."

நூல் கோட்டுக்கு நன்றாகக் கீழேயே நின்றது. செல்லக்கிளி மேலே வந்தாள். கழியை நீட்டி அவளைக் கரைக்கு இழுத்தார்கள். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் அவள் முதலில் கேட்டது, "அம்மா எங்க?" என்றுதான்.

கயிறு மறுபடி இறங்கிக்கொண்டிருக்கும்போதே எதிர்ச்சுவரிலிருந்து ஒரு பாளம் மண் பெயர்ந்து உள்ளே விழுந்தது. தண்ணீர் மேலே தெறித்தது. செம்மண் சேறு சிகாமணியின் கண்ணாடியில் அடித்தது. ஒன்றும் தெரியவில்லை.

"அம்மா?"

பதில் இல்லை.

"அம்மா?"

சட்டையின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். சேறு இன்னும் பரவியது. கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு நூலைத் தேடினார். மங்கலாக ஒரு வெள்ளைக் கோடு. அது அசைந்தது. மெல்ல ஏறியது. கயிற்றில் பாரம் விழுந்திருந்தது.

"இழுங்க" என்றார். "ஆள் ஏறியாச்சு. கோட்டுக்கு இன்னும் இடமிருக்கு. இழுங்க."

அரசியம்மா சேற்றுப் பொம்மை மாதிரி வெளியே வந்தார். ஒரு தோளில் தோல் உரிந்திருந்தது. உள்ளங்கைகளில் கயிறு அறுத்த காயம். கரையில் கால் வைத்ததும் உட்கார்ந்துவிட்டார்.

செல்லக்கிளியைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, ஓடையைச் சுற்றிப் போகிற பாதையில் தூக்கிக்கொண்டு போனார்கள். தீயணைப்பு வண்டி பாதி வழியில் எதிர்ப்பட்டு, அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

ஆசாரி சட்டத்தைக் கரைக்கு இழுத்துப்போட்டு, அதன்மேல் கையை வைத்தபடி கேட்டார்: "இம்புட்டு தாங்கியிருக்கு. இனிமே என்ன சார் யோசனை? கூடத்துக்கு ஏத்திரலாமா?"

"வேண்டாம்" என்றார் சிகாமணி.

ஆசாரி நிமிர்ந்து பார்த்தார். அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர் கேட்டதில்லை.

"அங்க பிள்ளைங்க வந்து உட்காருவாங்க. சொல்லாம முறியற மரம் தலைக்கு மேல வேண்டாம். நடுவுல ஒரு தூண் நிறுத்தி, ரெண்டு சின்னச் சட்டமா வேற மரத்துல போடுங்க. இதைத் தரையில பாவுங்க."

ஆசாரி தலையாட்டிவிட்டுப் போனார்.

அரசியம்மா வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். யாரோ மஞ்சளைக் குழைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சிகாமணி அவர் எதிரே போய் நின்றார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"தாங்குமான்னு கேட்டதுக்குத் தெரியலன்னுதான் சொன்னேன். பிறகு எதை நம்பி இறங்குனீங்க?"

அரசியம்மா மஞ்சளை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். எரிச்சலில் கண்ணை மூடித் திறந்தார்.

"தாங்கும்னு நீங்க சொல்லியிருந்தா, நான் இறங்கியிருக்க மாட்டேன்."